கோடைத் திருவிழா நடக்கும் இடம் யாருடையது?



பொது இடத்தில் கலை என்று பேச வந்தால் கலையைப் பற்றியே பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். இன்று இடத்தைப் பற்றிப் பேசலாம்.

தென்னேரி உள்ளிட்ட நம் காஞ்சிபுரம் வட்டாரத்தில் கோடை என்றால் பாரதக் கூத்து. அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கட்டைக்கூத்து. உயர்ந்த மரத்தை நட்டு அர்ச்சுனன் தபசு. கடைசி நாள் காலையில், களத்தில் படுத்திருக்கும் துரியோதனனின் பெரிய மண்ணுருவைச் சுற்றிப் பதினெட்டாம் போர். மாலையில் தீமிதி. சுவரில்லை, டிக்கெட் இல்லை. புதிதாகப் பார்ப்பவர், இதைவிடப் பொதுவான கலை உண்டா என்பார்.

அவரைக் கொஞ்சம் விசாரிக்கச் சொல்லுங்கள். திருவிழா வரி யாரிடம் வாங்குகிறார்கள்? அம்மன் எந்தத் தெருவரை வருகிறாள்? சேரியின் மேளம் வேண்டும், சேரியின் வரி வேண்டாம் என்னும் ஊர்கள் உண்டு. வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டுமே! இங்கே பறையடிப்பவர் கலைஞர் அல்ல. சொல்லியனுப்பினால் வந்தே ஆகவேண்டிய ஆள்.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. தெருவைப் 'பொது' ஆக்கவே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. அந்தத் தெருவில் விழா எடுப்பவர்கள் இதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

2007 தைப்பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம் தொடங்கியது. பறையும் கூத்தும் கரகமும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன. இதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். சாவு வீட்டில் கேட்ட பறையை மாநகரம் கைதட்டிக் கேட்டது. அடித்தவருக்கு அது எளிய விஷயமல்ல. ஆனால் 2011 ஆட்சி மாற்றத்தோடு விழா நின்றது. 2023இல்தான் அரசு விழாவாகத் திரும்பியது. அழைப்பவர் மாறினால் மேடை போய்விடும். மேடை முடிந்து ஊர் திரும்பும் கலைஞருக்கோ ஊர் மாறாமல் காத்திருக்கிறது.

நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் நடத்தும் வானம் கலைத் திருவிழா வேறு வகை. ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாக எடுத்துக்கொண்டு, பி.கே.ரோசி பெயரில் திரைப்பட விழா, இலக்கியக் கூடுகை, நாடகம், கண்காட்சி என்று கோடை வெயிலில் கூட்டம் சேர்க்கிறது. இங்கே தலித்துகள் விருந்தாளிகள் அல்ல, வீட்டுக்காரர்கள். பல நிகழ்வுகள் அரங்குக்குள் நடக்கின்றன என்பது என் குறை. தெருவை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

தெருவுக்கு வந்தால் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பண்டிகை, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக நள்ளிரவுவரை, ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், மாநில அரசு தளர்த்தலாம். கூத்தோ 10 மணிக்குத்தான் சூடு பிடிக்கும், விடிய விடிய நடக்கும். ஊர்க்கோயில் களத்தில் மைக் விடியும்வரை ஒலித்தால் யாரும் கேட்பதில்லை. காலனி முனையில் அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கூத்து வைத்தால் பத்தடித்ததும் ஜீப் வந்து நிற்கிறது. அடுத்த ஏப்ரலுக்கான அனுமதி மனுவை இப்போதே எழுதுங்கள். மாணவர்கள் அதன் நகலையும், காவல் நிலையம் தரும் பதிலையும் ஊர்வாரியாகச் சேர்த்து வையுங்கள்.