தோல் சொல்லும் சேதி – 17: மூக்கின் மேல் ஒரு ஏக்கர்

போன வாரம் எண்ணெய்ச் சுரப்பியோடு நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்கு: தோலின் துளை வழியே எண்ணெய் கசியவிடுவது அந்தச் சுரப்பி. இந்த வாரம் வெயிலும் முகத் துளையும் என்று சொல்லியிருந்தேன். நடுவில் மண் வந்து விழுந்துவிட்டது, பார்லரில் முகத்தில் பூசும் மண்ணும் எங்கள் கரிசலும் உறவு என்பதால்.

கோவில்பட்டிப் பக்கம் சித்திரையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் மண் ஊதி, வெடிப்பெல்லாம் மூடி, காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மேல்மண் வெடிப்புக்குள் சரிய, அடிமண் பிதுங்கி மேலே வரும். தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்பார்கள் மண்ணியல்காரர்கள். 1901 முதல் இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணோடுதான் மல்லுக்கட்டுகிறது.

இத்தனைக்கும் காரணம் ஸ்மெக்டைட் என்ற களிமண் வகை. அதில் பேர்போனது மான்ட்மோரில்லோனைட். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். இடையில் தண்ணீர் புகுந்தால் ஊதும், வற்றினால் சுருங்கும். சுத்தமான மான்ட்மோரில்லோனைட்டில் ஒரு கிராம் எடுத்துத் தகடுகளைப் பிரித்துப் பரப்பினால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக, ஐந்தாறு கிராமுக்குள் ஒரு ஏக்கர் அடங்கிக் கிடக்கிறது! ஒரு ஏக்கர் காட்டுக்காக மூன்று தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடக்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்கள் காதில் இது விழ வேண்டாம்.

பார்லரில் முகத்தில் பூசுகிற பென்டோனைட் பேக் பெரும்பாலும் இதே மான்ட்மோரில்லோனைட்தான். அத்தனை பரப்பு இருப்பதால் தோல் மேல் மினுங்கும் எண்ணெயை அது இழுத்துக்கொள்கிறது. கழுவியதும் மூக்கு பளிச்சென்று இருக்கும். துளைகள் சிறுத்ததுபோல் தெரியும். ஆனால் எண்ணெய்ச் சுரப்பி சும்மா இருக்காது, மறுபடி நிரப்பிவிடும். இதே களிமண்தானே என்று காட்டு மண்ணை அள்ளி முகத்தில் அப்பிவிடாதீர்கள். உரம், பூச்சிமருந்து, ஆட்டுப் புழுக்கை எல்லாம் கலந்த மண் அது.

"ஆவி பிடிச்சா போர்ஸ் திறக்கும், ஐஸ் வச்சா மூடிக்கிடும் சித்தப்பா" என்கிறாள் அண்ணன் மகள். திறந்து மூடுவது கரிசலின் குணம், மூக்குக்கு அது கிடையாது. துளை என்பது முடிக்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் வெளியே வரும் வாய். அதை மூடித் திறக்கத் தசை எதுவும் இல்லை. ஆவியில் உள்ளே உறைந்த எண்ணெய் கொஞ்சம் இளகும். ஐஸ் வைத்தால் சற்று நேரம் தோல் இறுகினாற்போலத் தெரியும். அவ்வளவுதான்.

கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கு கிடையாது. துளையில் அடைத்த எண்ணெயும் செத்த செல்லும் காற்றுப்பட்டுக் கறுத்தது, கூடவே மெலனின். தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குவதில் பலன் இல்லை.

பலன் தருவது சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கும். 2 சதவீதம் வரை உள்ள ஃபேஸ்வாஷ் போதும். அதற்கு மேல் என்றால் அடாபலின் போன்ற ரெட்டினாய்டு ஜெல், அதுவும் தோல் டாக்டரைக் கேட்டு, இரவில் மட்டும். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் ரெட்டினாய்டு வேண்டாம். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பொறுத்தாலும் துளை மறையாது, எடுப்பாகத் தெரிவதுதான் குறையும். துளையே இல்லாமல் ஆக்கித் தருகிறேன் என்று டப்பாவில் எழுதியிருந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பா என்றதும் இன்னொன்று: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'சிவப்பாக்கும்' க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். முதல் வாரம் முகம் மழமழக்கும். போகப் போகத் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். 2018-லேயே மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது.

வெயிலுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. துளையைச் சுற்றித் தாங்கி நிற்கும் கொலாஜனை வெயிலின் யுவிஏ கதிர் தளர்த்துகிறது, அதனால் வாய் அகலுகிறது என்பதை மட்டும் இப்போது வைத்துக்கொள்ளுங்கள். உளுந்தங்காட்டில் நாளெல்லாம் களையெடுக்கிறவருக்கு எந்த சன்ஸ்க்ரீன் கட்டுப்படியாகும், தலையில் போடும் துண்டு எவ்வளவு தடுக்கும் என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)