உங்களுக்குத் தெரியுமா? முழுக்க மிதித்தால் பெட்ரோல் நிற்கும்!

ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால், பல இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் கூடாது, நின்றே விடும். பெட்ரோலில் நனைந்த ஸ்பார்க் பிளக் உலர்வதற்கான ஏற்பாடு இது. மிதிக்கும்போது திறக்கும் காற்று வால்வான த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது த்ராட்டில் பொசிஷன் சென்சார்.

• பழைய சென்சாரின் உள்ளே இருப்பது ரேடியோ வால்யூம் திருகு மாதிரி ஒன்றுதான். 5 வோல்ட் உள்ளே போகும். த்ராட்டில் மூடியிருந்தால் சுமார் 0.5, முழுக்கத் திறந்தால் 4.5 வோல்ட்டை ஒட்டித் திரும்பி வரும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும்.

• சோதிக்க இன்ஜின் ஓட வேண்டாம், இக்னிஷன் ஆனில் இருந்தால் போதும். சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்து த்ராட்டிலை மெல்லத் திறந்தால் முள் சீராக ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்தால் அந்த இடத்தில் சென்சாரின் உள்தடம் தேய்ந்துவிட்டது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் இந்தச் சரிவைத் தவறவிடலாம். முள் மீட்டரே மேல். தேய்வது பெரும்பாலும் ஆரம்பப் பகுதிதான். டிராஃபிக்கில் கால் அங்கேயேதானே கிடக்கிறது!

• பொருத்தும் திருகின் ஓட்டை நீளவாக்கில் இருந்தால் சென்சாரைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்யலாம். வட்டமா? பெரும்பாலும் மாற்ற வேண்டியதுதான்.

• ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாத புதிய கார்களில் சிக்னல் இரண்டு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினின் வேகத்தைக் கட்டிப்போடும். அங்கே த்ராட்டிலை விரலால் தள்ளிப் பார்க்காதீர்கள். த்ராட்டிலை இயக்கும் மோட்டார் அதை மூடினால் விரல் சிக்கும்.