கோட்டுக்கு வெளியே நிற்போர்

நுழையும் முன்

கால்பந்துப் போட்டியில் நம் கண்கள் வீரர்களையே பின்தொடர்கின்றன. களத்தில் கோடு வரைந்தவரையும் கம்பத்தில் வலை கட்டியவரையும் நாம் காண்பதில்லை. ஊதியம் கருதாத அவர்தம் உழைப்பே ஊர்ப்புறக் கால்பந்தைத் தாங்கி நிற்கிறது. அத்தகையோரின் அமைப்பு எவ்வாறு தளர்கிறது, எவ்வாறு மீண்டும் தளிர்க்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அமைப்பின் படிகள்

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்த நகர் திண்டுக்கல். பூட்டுக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர்பெற்றது. இங்கும் தமிழகத்தின் பிற நகரங்களிலும் கால்பந்து ஆடுவோருள் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களே. ஊர்க்குழுக்கள் மாவட்டக் கழகத்திலும், மாவட்டக் கழகங்கள் மாநிலக் கழகத்திலும், மாநிலக் கழகங்கள் 1937இல் தோன்றிய அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிலும் இணைகின்றன. அனைத்திற்கும் மேலாக, 1904இல் தொடங்கப்பட்ட ஃபிஃபா என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு விளங்குகிறது. இப்படிகளுள் அடிப்படி மாவட்டக் கிளையாகும். அது தளர்ந்தால், திறமையுள்ள இளைஞர் மேலேறிச் செல்ல வழியில்லை.

கண்ணுக்குப் புலப்படாத உழைப்பு

பத்து அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதும் தொடரில் 45 ஆட்டங்கள் நிகழும். ஓர் ஆட்டத்திற்கு ஒரு நடுவரும் இரண்டு துணை நடுவர்களும் தேவை எனக் கொண்டால், 135 முறை நடுவர் பணிக்கு ஆள் வேண்டும். திடலுக்கு அனுமதி பெறுதல், சுண்ணாம்புக் கோடு இடுதல், வீரர்களின் வயதைச் சரிபார்த்தல், முதலுதவிக்கு ஏற்பாடு செய்தல், வரவு செலவு எழுதுதல் ஆகியன இதற்குப் புறம்பானவை. தன்னார்வக் கிளைகளில் இப்பணிகள் நாளடைவில் ஒருவர் தோளிலேயே சுமத்தப்படுவதுண்டு. அவர் முதுமையுற்றாலோ, வேற்றூருக்குப் பெயர்ந்தாலோ கிளையும் உறங்கிவிடும். பதிவேட்டில் பெயர் இருக்கும். திடலில் ஆட்டம் இராது.

திண்டுக்கல் தந்த நடுவர்

கிளை உயிர்ப்புடன் இயங்கினால் என்ன விளையும் என்பதற்குத் திண்டுக்கல்லே சான்று. இந்நகரைச் சேர்ந்த ரூபா தேவி வீராங்கனையாகத் தொடங்கி, பின்னர் நடுவர் பணியைத் தேர்ந்தார். 2016ஆம் ஆண்டு ஃபிஃபாவின் பன்னாட்டு நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். அப்பெருமை பெற்ற முதல் தமிழ்நாட்டுப் பெண் அவரே. நடுவராக விழைவோர் ஆட்டவிதிகளைக் கற்றுத் தேர்ந்து, உடற்தகுதியை மெய்ப்பித்து, உள்ளூர் ஆட்டங்களில் பழகியே உயர முடியும். உள்ளூரில் ஆட்டமே நடைபெறாவிடில் அப்பழக்கம் எங்ஙனம் வாய்க்கும்?

நிருவாகம் பிழைத்தால்

சிறிய கிளைக்கு நேரும் தளர்ச்சி பெரிய அமைப்பிற்கும் நேர்வதுண்டு. அனைத்திந்தியக் கூட்டமைப்பின் தலைவருக்குரிய பதவிக்காலம் 2020 இறுதியில் முடிந்தும் தேர்தல் நடைபெறவில்லை. 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் நிருவாகிகள் குழுவொன்றை அமர்த்தியது. வெளியார் தலையீடு எனக் கருதிய ஃபிஃபா, ஆகஸ்டில் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அவ்வேளையில் ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் சென்றிருந்த கோகுலம் கேரள மகளிர் அணி, ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்ப நேர்ந்தது. ஆகஸ்ட் 26இல் தடை நீங்கியது. செப்டம்பர் 2இல் தேர்தல் நடந்தது. நிருவாகத்தின் பிழைக்கு வீராங்கனைகள் விலை கொடுத்தனர் என்பதே இந்நிகழ்வு தரும் படிப்பினை.

மீட்டெடுக்கும் வழி

உறங்கும் கிளையை எழுப்ப விழைவோர் முதலில் சட்டநெறியைப் பேணவேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவுபெற்ற சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டவும் கணக்கை ஒப்படைக்கவும் கடமைப்பட்டுள்ளது. கணக்கு வெளிப்படையாயின் விலகிய குழுக்களின் நம்பிக்கை திரும்பும். அடுத்து, பணியைப் பகிர வேண்டும். பதிவேட்டை ஒருவர், திடலை ஒருவர், நடுவர் பயிற்சியை ஒருவர் என ஏற்றால் எவருக்கும் சுமை மிகாது. முதற்பருவத்தில் நான்கு அணிகளும் ஆறு ஆட்டங்களுமே போதும். குறித்த நாளில் குறித்தபடி அவை நடந்தேறுவதே முக்கியம்.

வட சென்னை வியாசர்பாடியில் உமாபதி, தங்கராஜ் ஆகியோர் சிறுவர்களுக்குக் கால்பந்தையும் கல்வியையும் இணைத்து வழங்கினர். எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதனால் முன்னேறினர். ஊர்நலம் பேணும் தலைமை பந்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை அம்முயற்சி உணர்த்துகிறது.

அடுத்த தலைமுறை

தன்னார்வத் தலைவரின் வெற்றியை அவர் ஆண்ட ஆண்டுகளைக் கொண்டு அளத்தல் கூடாது. அவர் விலகிய மறு ஆண்டும் தொடர் நடைபெறுகிறதா என்பதே உரைகல். ஆதலின், இளைஞர் ஒருவரை அருகில் அமர்த்திப் பணி பழக்குதல் தலைவரின் முதற்கடமை. ஆடிப் பயன்பெற்றோர் ஆட்டம் முடிந்தபின் கோட்டுக்கு வெளியேயும் சிறிது காலம் நின்று உழைப்பாராயின், ஊர்த்திடல்கள் ஒருபோதும் வெறுமையுறா.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் விளையாட்டுக் குழு நடத்தும் தன்னார்வலர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் பணிகளைப் பட்டியலிடுக.
2. 'நல்ல தலைவர் தமக்குப்பின் தலைவரை உருவாக்குவார்' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.