வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

தேர்தல் நெருங்கினால் தேனி மாவட்டம் கூடலூர் டீக்கடைகளில் எழும் முதல் கேள்வி, "கம்பம் தொகுதியில் யாருக்கு சீட்டு?" என்பதுதான். அதற்கான பதில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது. கட்சிக்காரர் பணம் கட்டி விருப்ப மனு கொடுக்கிறார், நேர்காணலுக்குப் போகிறார், காத்திருக்கிறார். பல ஆண்டு கொடி கட்டிய தொண்டருக்கும் வேட்பாளர் பெயர் தொலைக்காட்சியில்தான் தெரியவருகிறது.

அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் வாக்குச்சாவடியே தீர்மானிக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் துணை ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய 2025 ஜூன் 17 அன்று முதல்நிலைத் தேர்தல் நடந்தது. புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரைப் போல இது நியமனப் பதவி அல்ல, மக்கள் தேர்ந்தெடுப்பது. 40 உறுப்பினர் கொண்ட மாநில செனட்டுக்குத் தலைமை வகித்து, வாக்குகள் சமமானால் தீர்ப்பு வாக்கு அளிப்பவர் இவர்.

ஆறு பேர் மோதினார்கள். அவர்களில் ஒருவர் ஹைதராபாத்தில் பிறந்து, நான்கு வயதில் அமெரிக்கா சென்று, கல்லூரி ஆசிரியராக இருந்து செனட்டரான கசாலா ஹாஷ்மி. ரிச்மண்ட் முன்னாள் மேயர் லெவார் ஸ்டோனி, செனட்டர் ஆரன் ரவுஸ் ஆகியோரைவிட ஒரு சதவீதத்தை ஒட்டிய வித்தியாசத்தில்தான் அவர் முந்தினார். பெற்றது சுமார் 27 சதவீதம். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்குகள் மற்றவர்களுக்குப் போயின என்பது இந்த முறையின் குறைதான். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் வாக்காளர்கள்.

குடியரசுக் கட்சியில் போட்டியாளர் விலகியதால் ஜான் ரீட் வாக்குப்பதிவே இல்லாமல் வேட்பாளரானார். நவம்பரில் அவரை ஹாஷ்மி வென்றார். மாநில அளவிலான பதவிக்குத் தேர்வான முதல் முஸ்லிம் பெண் அமெரிக்காவில் அவர்தான்.

தேனி மாவட்டத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு; வேட்பாளர் தேர்வில் அல்ல, கட்சித் தலைமைத் தேர்வில். துணை முதல்வராக இருந்த பெரியகுளத்துக்காரர் ஓ. பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும், அடிப்படை உறுப்பினர்கள் வாக்களித்தே அ.தி.மு.க. தலைமையைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று 2021 டிசம்பரில் விதியைத் திருத்தினார்கள். வாக்குப்பதிவு நடக்கவில்லை. இருவரும் ஒருங்கிணைப்பாளராகவும் இணை ஒருங்கிணைப்பாளராகவும் போட்டியின்றித் தேர்வானதாக டிசம்பர் 6 அன்று அறிவிப்பு வந்தது. 2022 ஜூலையில் பொதுக்குழு அந்த இரட்டைப் பதவிகளை ஒழித்து, பன்னீர்செல்வத்தை நீக்கியது. பொதுச்செயலாளராகப் போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய, 10 பேர் வழிமொழிய வேண்டும் என்றும் விதி வந்தது. 2023 மார்ச் 28 அன்று பழனிசாமி பொதுச்செயலாளரானதும் போட்டியின்றியே. கூடலூர் கிளைத் தொண்டருக்கு வாக்குச்சீட்டு கிடைக்கவே இல்லை.