நடிப்பு என்று நினைத்தேனே!

என் எட்டு வயது மகள், தினமும் பால் குடித்து, பள்ளிக்கு கிளம்பும் நேரத்தில், 'வயிறு வலிக்குதும்மா...' என்பாள். மட்டம் போட நடிக்கிறாள் என்று அடித்தும் இருக்கிறேன். ஒருநாள், வகுப்பிலேயே பேதியாகி, அழுதபடி வந்தாள்.

டாக்டர் சொன்னபடி, சாப்பிட்டதையும், வலி வந்த நேரத்தையும், இரண்டு வாரம் நோட்டில் குறித்தேன். பால், பாயசம் சாப்பிட்ட நாளில் மட்டும் தொந்தரவு; தயிர், மோருக்கு இல்லை. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காதது தான் காரணமாம், அலர்ஜி இல்லையாம்.

அலர்ஜி என்றால், கொஞ்சம் சாப்பிட்டாலே தடிப்பு, உதடு வீக்கம் வருமாம். மூச்சுத் திணறினால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

தோழிகளே... குழந்தை, 'வலிக்குது' என்றால் கையை ஓங்காதீர்கள், நோட்டை எடுங்கள்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.