மலையின் பாட்டுக்கு உரிய கூலி

நம் ஆலங்காயத்துக் கடைத்தெருவில், மலையிலிருந்து இறங்கிவரும் பொருள் எதுவாயினும் அதற்கு ஒரு விலை உண்டு. சாமையும் தேனும் புளியும் நிறுக்கப்பெறுகின்றன, பேரம் நடக்கின்றது, பணம் கைமாறுகின்றது. ஆனால் அதே மலையிலிருந்து இறங்கிவரும் ஒன்றுக்கு மட்டும் எவரும் விலை கேட்பதில்லை. அதுதான் பாட்டு.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், பெயரைக் கேட்டுச் சிலர் எண்ணுவதுபோல், கேரளத்தார் அல்லர். மலையை ஆள்வோர் என்றே அப்பெயருக்குப் பொருள் கூறுவர். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. தமிழே அவர்தம் தாய்மொழி. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மலைநாடுகளில் மணமும் பிணமும், விதைப்பும் அறுப்பும் பாட்டோடும் மேளத்தோடும் ஒன்றியவை. காவலூர் வானாய்வகத்தில் 1986-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பெரிய தொலைநோக்கியினூடே விண்மீன்களைக் காண அறிஞர் பலர் நம் ஊர் வழியே மலையேறிச் செல்கின்றனர். மலையின் குரலைக் கேட்பதற்கென்று ஏறுவோரோ மிகச் சிலர்.

இம்மக்களின் இளைஞர் ஒருவர் பாட்டையே பிழைப்பாகக் கொள்ள விரும்பினால் அதற்கு வழி உண்டா? அவருக்கு நாம் எவ்வகையில் துணை நிற்கலாம்? இவ்வினாக்களைக் குடும்பங்கள்தோறும் சிந்திக்க வேண்டுகிறோம்.

விருதும் வாழ்வும்

கோயம்புத்தூருக்கு மேற்கே, கேரள எல்லைக்குள் அமைந்த அட்டப்பாடியில் இருளர் குலத்தவரான நஞ்சியம்மா வாழ்கிறார். ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர். இசைப்பள்ளி எதிலும் பயிலாதவர். 2020-ஆம் ஆண்டு வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் அவர் தம் இருளர் மொழியிலேயே பாடினார். அப்பாட்டுக்காக 2022-ஆம் ஆண்டில், சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பெற்றது.

முறையாக இசை பயிலாத ஒருவருக்கு இவ்விருதா என்று குறைகூறியோரும் இருந்தனர். தாயின் மடியிலும் மேய்ச்சல் காட்டிலும் பயின்றது பயிற்சியன்று என்று யார் விதித்தது? ஏட்டில் எழுதப்படாத பாட்டை நினைவிலே நிறுத்தித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததும் ஒரு கல்வியே அன்றோ!

எனினும் மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. நாடே பாராட்டிய பின்னரும், தம் கணவர் குடும்பத்து நிலத்தின் உரிமைக்காக அவர் போராட நேர்ந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. மேடை வேறு, வாழ்வு வேறு. பொன்னாடையால் நிலமும் மீளாது, அடுப்பும் எரியாது.

அருகில் அமர்ந்த தோழர்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் எல்கோ என்னும் தீவு உள்ளது. அங்கே 1971-ஆம் ஆண்டு, யோல்ங்கு பழங்குடியில், பிறவியிலேயே கண்பார்வையின்றிப் பிறந்தவர் குருமுல் யுனுபிங்கு. வலக்கையருக்கான கிதாரைத் தலைகீழாகப் பிடித்து இடக்கையால் வாசிக்கத் தாமே கற்றார். தம் முன்னோரின் பாட்டுகளோடு, அத்தீவின் மெதடிஸ்டு மறைப்பணித்தளம் கற்பித்த வழிபாட்டுப் பாடல்களும் அவர் செவியில் ஊறியிருந்தன.

டார்வின் நகரில் இயங்கிய சிறிய இசை நிறுவனம் ஒன்று அவரைக் கண்டுகொண்டது. அதன் இசைக்கலைஞர் மைக்கேல் ஹோனன், ஆங்கிலத்தில் பாடினால்தான் விற்கும் என்று அவரை வற்புறுத்தவில்லை. அருகிலமர்ந்து பக்கவாத்தியம் வாசித்தார். கூச்சமிகுந்த அப்பாடகருக்காக மேடையிலே பேசினார். 2008-ஆம் ஆண்டு வெளிவந்த இசைத்தட்டு, அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. நோயுற்று 2017-ஆம் ஆண்டில், தம் 46-ஆம் வயதில் அவர் மறைந்தார். இறந்தோரின் பெயரையும் படத்தையும் வழங்குதல் அம்மக்களின் வழக்கமன்று. ஆகவே குடும்பத்தாரின் இசைவோடுதான் அவருடைய பெயரும் படமும் வழங்கப்பெற்றன. 2018-ஆம் ஆண்டு வெளியான அவருடைய கடைசி இசைத்தட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பழங்குடி மொழி இசைத்தட்டு ஒன்று அவ்விடத்தை எட்டியது அதுவே முதல்முறை.

துணை நிற்றல் என்பது யாதென இவ்வரலாறு காட்டுகின்றது. பாடகரின் மொழியை மாற்றாதிருத்தல், அவருக்கு முன்னே நில்லாமல் அருகே நிற்றல், அவர்தம் மக்களின் இசைவைக் கேட்டல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். 1986-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் அந்நாட்டுப் பழங்குடி மக்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அவர்தம் பண்பாடு அழிந்துபோக விடலாகாது என்றும், அவர்கள் தரும் கொடையை மகிழ்வோடு ஏற்காதவரை அந்நாட்டுத் திருச்சபை நிறைவு பெறாது என்றும் கருத்துரைத்ததை இங்கு நினைவுகூர்தல் தகும்.

சட்டம் தரும் உரிமை

வழிவழி வந்த பாட்டுக்கு இன்னார் ஆசிரியர் என்று சுட்ட இயலாது. ஆதலின் அதனை யாரும் எடுத்துத் திரைப்படத்திலோ கைப்பேசியில் பரவும் காணொளியிலோ பயன்படுத்திப் பொருளீட்ட முடிகின்றது. ஆனால் பாடியவரின் குரல் அவ்வாறு நாதியற்றதன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் கலைஞர்களுக்கான உரிமை சேர்க்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பதிவு செய்த நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்படும்போது அதில் பங்குத்தொகை பெறும் உரிமையையும், இன்னார் பாடியது என்று பெயர் குறிக்கப்பெறும் உரிமையையும் தந்தது. இவ்வுரிமை ஐம்பது ஆண்டுகள் நீடிக்கும். படித்த பிள்ளைகள் இருக்கும் நம் குடும்பங்கள், மலைவாழ் கலைஞர் கையொப்பமிடும் தாளை அதற்கு முன்னரே வாசித்துப் பொருள் சொல்லலாமே! நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு செய்யவும் அவர்களுக்கு உதவலாம்.

நம் இல்லத்திலிருந்து

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஆலைகளில் உழைப்போர் நம்மிடையே பலர். பதனிட்ட தோல் மிக அழகாயிருக்கின்றது, ஆகவே பாராட்டை மட்டும் பெற்றுச் செல்க என்று முதலாளி கூறினால் ஏற்போமா? பாடகருக்கு மட்டும் அதுவே போதும் என்பது எவ்வாறு நியாயமாகும்? மலையிலிருந்து ஒரு குழு இறங்கிவந்தால், வந்த நாளும் திரும்பும் நாளும் அவர்கள் வேலைக்கூலியை இழக்கின்றனர். உழைத்தவர் கூலியைப் பற்றி மறைநூல் எத்துணைக் கண்டிப்பாகப் பேசுகின்றது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே திருமணத்துக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ மலைக்கலைஞரை அழைக்கும்போது தொகையை முன்னதாகவே பேசிக்கொள்வோம். பயணச் செலவைத் தனியே கொடுப்போம். நம் விருந்தினர் அமரும் பந்தியிலேயே அவர்களும் அமரட்டும். ஒலிபெருக்கியில் ‘மலைவாசிகள்’ என்று பொதுவாக அறிவிக்காமல், ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் சொல்வோம். அவர்கள் இசைந்தாலன்றிக் கைப்பேசியில் பதிவு செய்து பரப்பாதிருப்போம். ஆட்டம் முடிந்தவுடன், நாளை வா என்று அலைக்கழிக்காமல், பேசிய தொகையை அன்றே கையில் கொடுப்போம்.

தந்தையின் பாட்டு சோறு போடும் என்று கண்ட மகனே அதனைக் கற்க முன்வருவான். போடாது என்று கண்டவன் பாட்டை மலையிலேயே விட்டுவிட்டு வெளியூருக்குக் கூலி வேலை தேடிப் பேருந்து ஏறிவிடுவான். அவன் எதைத் தேர்வான் என்பதில், அவனைப் பாட அழைக்கும் நமக்கும் பொறுப்புண்டு.