சிகிச்சைக்குப் பின் வரும் மறதி



புற்றுநோய் சிகிச்சை என்றதும் முடி உதிர்தல், வாந்தி, சோர்வு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வெளியே தெரியாத இன்னொரு பாதிப்பும் உண்டு. அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். நன்கு அறிந்தவரின் பெயர் நாவில் வராது. வீட்டுக் கணக்கை விரைவாகப் போட்டவர் ஒரு கூட்டலுக்கே தடுமாறுவார். இதைக் ‘கீமோ மூளை’ என்று அழைக்கிறார்கள்.

இது வீண் கற்பனை அல்ல. மார்பகப் புற்றுநோயுற்ற பெண்களைச் சோதித்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிக அதிக அளவில் கீமோதெரபி பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும், வழக்கமான அளவு பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், அதைப் பெறாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் நினைவு, கவனம் போன்றவற்றில் குறைவு காணப்பட்டது.

மருந்து மட்டுமே காரணம் அல்ல. சிகிச்சை தொடங்குமுன்னரே சிலருக்கு இக்குறை இருப்பதுண்டு. இரத்தசோகை, உறக்கமின்மை, கவலை, ஹார்மோன் மாற்றம், உடலில் உண்டாகும் அழற்சி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு, நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியைத் தாக்கக்கூடும். ஆகவே, இயன்றபோது அப்பகுதியில் கதிர் அதிகம் படாதவாறு சிகிச்சையைத் திட்டமிடுகிறார்கள்.

பலருக்கு இது நாளடைவில் குறைந்துவிடும்; சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றாட வேலைகளைக் குறித்துவைத்தல், சாவி, மாத்திரை முதலியவற்றை ஒரே இடத்தில் வைத்தல், ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்தல், இயன்ற அளவு நடத்தல், நன்றாக உறங்குதல் ஆகியவை உதவும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு போன்றவை இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. திடீர்க் குழப்பம், பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், கடும் தலைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த மறதியைப் பலர் வெளியே சொல்வதில்லை. வேலை போய்விடுமோ, புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்ற பயம். “எத்தனை தடவை சொல்வது?” என்று வீட்டார் கடிந்துகொண்டால், அவர்கள் இன்னும் ஒதுங்கிப்போகிறார்கள்.

எனவே, சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவரைக் காணச் செல்லும்போது, “உடம்பு எப்படி இருக்கிறது?” என்பதோடு, “ஞாபகம் எப்படி இருக்கிறது?” என்றும் அன்பாய்க் கேளுங்கள். அவர் சொல்லை மறந்து தேடும்போது, நீங்கள் முந்திக்கொள்ளாமல் சற்றுக் காத்திருங்கள்.